மேடத்துக்குப் பதிலாக நான் போன வயல்கள்

1

பிப்ரவரியில் எங்கள் நிறுவனத்தில் ஒரு படிவம் கொடுத்தார்கள். மகளிர் தினத்தன்று ஐந்து ஆண்கள் மேடையில் உட்கார்ந்து பேச வேண்டும், பெண்கள் கீழே உட்கார்ந்து கேட்பார்கள். வேலையிடத்தில் பெண்களுக்குத் துணை நின்ற ஆண்கள் என்பது தலைப்பு. ஐவரில் ஒருவனாக என்னைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். கறுத்த முகம் ஒன்று மேடையில் தேவைப்பட்டிருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். எனக்கு எல்லாவற்றிலும் சந்தேகம். மேடையேறும் ஆணைக் கண்டால் சந்தேகம், அது கண்ணாடியில் தெரியும் ஆணாக இருந்தால் இன்னும் கூடுதல்.

நெதர்லாந்தின் வடபகுதியில், ஏரியை ஒட்டிய சிற்றூர். விதை நிறுவனத்தில் வேலை. இரண்டாயிரத்தில் வந்தேன், இது பதினான்காவது பிப்ரவரி. காற்று இன்னும் என்னைப் புதியவனாகத்தான் நடத்துகிறது. சைக்கிளில் எந்தப் பக்கம் போனாலும் முகத்துக்கு எதிரே வந்து நிற்கும்.

படிவத்தின் மூன்றாவது கேள்வி: ஒரு பெண் சக ஊழியருக்காக நீங்கள் விட்டுக்கொடுத்தது என்ன? இரண்டே வரி இடம் விட்டிருந்தார்கள். டச்சு மொழியில் யோசித்து யோசித்து எழுதினேன். 'விழுப்புரத்தில் வேலை பார்த்தபோது, அவருக்குப் பதிலாக ஆறு வருடம் வெயிலில் நானே போனேன்.'

படிவம் வாங்க வந்த யூடித், ஊழியர் நலப் பிரிவில் இருப்பவள், நெற்றியைச் சுருக்கினாள். "புரியவில்லை. வெளியே வெயிலில் போனது நீ. அறைக்குள் அடைந்து கிடந்தது அவள். அப்படியானால் விட்டுக்கொடுத்தது அவள்தானே?"

இந்த ஊரில் வெயில் ஒரு பரிசு. பத்து நிமிடம் சூரியன் தலைகாட்டினால் அலுவலகமே சட்டைக் கையை மடித்துக்கொண்டு புல்லில் போய்ப் படுக்கும். எங்கள் ஊர் வெயில் வேறு என்று கைகளை ஆட்டி விளக்கினேன். தலையை ஆட்டிக்கொண்டாள். ஆனால் கேள்வி போகவில்லை. சட்டைக்குள் புகுந்த எறும்பு மாதிரி அன்று முழுவதும் ஊர்ந்தது.

2

அந்த ஆறு வருடத்தை நான் எப்படிச் சொல்லிக்கொண்டு வந்தேனோ அப்படியே முதலில் எழுதுகிறேன். இங்குள்ள நண்பர்களிடம் பல முறை சொன்ன கதை. சொல்லிச் சொல்லி வழவழப்பாகிவிட்டது.

தென்னாற்காடு இரண்டாகி விழுப்புரம் தனி மாவட்டமான வருடம், 1993. விதைக்கென்று மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, வளர்க்கும் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் நானும் செல்வராணியும் ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தோம். சங்கத்தின் பெயர் வேண்டாம். கிடங்குக்கு மேலே இரண்டு அறை, ஒரு செயலாளர், கள ஆய்வாளர்கள் நாங்கள் இருவர். நான் காணைப் பக்கத்து விவசாயக் குடும்பம். கரும்பும் நெல்லும் தெரியும், மல்லாட்டை தெரியாது. செல்வராணி மரக்காணத்துக்குப் பக்கத்துக் குப்பத்தில் கடல்தொழில் குடும்பம். திண்டிவனத்தில் அண்ணன் வீட்டில் தங்கி, தினமும் பஸ்ஸில் விழுப்புரம் வந்து போனவர். என்னைவிட ஆறு வயது பெரியவர். நான் அவரை மேடம் என்பேன், அவர் என்னை சார் என்பார்.

விதைக்கென்று விளைவிக்கும் வயலில் வேற்று ரகச் செடி இருக்கக் கூடாது. அப்படி இருக்கும் செடிக்குக் கலவன் என்று பெயர். வயலில் நடந்து, கலவனை அடையாளம் கண்டு பிடுங்கி, அந்த வயல் விதைக்குத் தேறுமா தேறாதா என்று களப் பதிவேட்டில் கையெழுத்திடுவது எங்கள் வேலை. ஆளுக்கு ஒரு வாரம் முறை. வயல்கள் முகையூர் வரை சிதறிக் கிடந்தன. பஸ் இறங்கி நாலு மைல் நடக்க வேண்டும். சங்கத்துக்கு மொபெட் ஒன்று உண்டு.

இரண்டாவது மாதமே நான் சொன்னேன்: "மேடம், உங்க வாரத்துக்கும் நானே போய்டறேன். வெயில்ல நீங்க எதுக்குங்க அலையணும்? அங்க ஒதுங்கறதுக்குக்கூட எடம் கெடையாது."

ஆறு வருடம் போனேன். சாக்கில் செடிகளை வேரோடு கொண்டுவந்து அவர் மேசையில் போடுவேன். டீக்கடையில் கிண்டல்: "இன்னா சார், மேடத்துக்கு எடுபிடி வேலையா? சம்பளம் தனியா வருதா?" நான் சிரித்துக்கொள்வேன். உள்ளூரப் பெருமை. கெட்ட பேச்சையும் தாங்கிக்கொண்டு ஒரு பெண்ணுக்காக நிற்கிறோம் என்ற பெருமை.

கதை இவ்வளவுதான். கேட்டவர்கள் எல்லோரும் 'நல்ல மனுஷன்யா நீ' என்றிருக்கிறார்கள்.

3

மேடையில் பேசப் போவதைச் சாப்பாட்டு மேசையில் சொன்னேன். மகளுக்குப் பதினாறு வயது. தமிழ் அவளுக்கு வீட்டுச் செருப்பு மாதிரி, வாசல் தாண்டினால் கழற்றிவிடுவாள். போன வருடம் வரை 'அப்பா, கதை சொல்லு' என்றவள், இப்போது நான் பேசும்போது உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு வைத்திருக்கிறாள். அது யாருடைய சிரிப்பு என்று எனக்குத் தெரியவில்லை. எங்கள் குடும்பத்தில் அப்படிச் சிரிப்பவர்கள் இல்லை.

"அந்த ஆன்ட்டிகிட்ட கேட்டியா?"

"என்ன கேக்கணும்?"

"அவங்க ஸ்டோரிய நீ சொல்றியே, ஓகேவான்னு."

"இது என் ஸ்டோரிம்மா."

"அப்டியா?" என்றாள். தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மனைவி கமலா கரண்டியைக் கீழே வைக்காமலே சொன்னாள்: "பழசெல்லாம் எதுக்குக் கிளறிக்கினு? நல்ல பேரு கெடைக்குது, வாங்கிக்கினு வா."

சனிக்கிழமை காலை காணையில் இருக்கும் சித்தப்பா மகனைப் பிடித்து, செல்வராணியின் எண்ணை வாங்கினேன். அனுமதி கேட்க என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் எனக்கு வேண்டியிருந்தது ஒரு சான்றிதழ். 'ஆமாம் சார், நீங்க எவ்ளோ நல்லவரு' என்று அந்தப் பக்கத்திலிருந்து ஒரு வரி.

4

"யாருங்க?"

"மேடம், தணிகாசலம் பேசறேன். ஹாலந்துலேர்ந்து."

பஸ் இரைச்சல் கேட்டது. பிறகு சிரிப்பு. "இன்னா சார்! உயிரோடதான் இருக்கீங்களா? நான் முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரி ஸ்டாப்புல நின்னுக்கினு இருக்கேன். அண்ணிக்குச் சக்கரை. மாத்திரை வாங்க வந்தேன். சொல்லுங்க."

விஷயத்தைச் சொன்னேன். மேடை, ஐந்து ஆண்கள், என் ஆறு வருடம்.

"ஏன் சார், பொம்பளைங்களுக்கு உதவின ஆம்பளைங்களா? அஞ்சு பேரு கெடைச்சிட்டாங்களா அந்த ஊர்ல? பரவால்லியே."

நானும் சிரித்தேன்.

"நானே உங்க நம்பரத் தேடிக்கினு இருந்தேன் சார். எனக்கு ஒரு லெட்டர் வேணும்."

அவர் சொன்னது இது. இருபத்தொரு வருடமாக அவர் கள ஆய்வாளராகவே இருக்கிறார். விதை அலுவலர் ஆக வேண்டுமென்றால் களப் பதிவேட்டில் கையெழுத்து இருக்க வேண்டும். ஆறு வருடத்தில் அவர் கையெழுத்து ஒன்றிரண்டுதான், மற்றதெல்லாம் என்னுடையது. அந்தக் கையெழுத்துகளை வைத்துத்தான் தொண்ணூற்றொன்பதில் நான் விதை அலுவலர் ஆனேன், அடுத்த வருடம் இங்கே வந்தேன். அதற்குப் பிறகு வந்த செயலாளர்களும் 'மேடத்துக்குக் களப்பணி ஒத்துவராது' என்று அவரை மேசையிலேயே வைத்துவிட்டார்கள். மூன்று முறை விண்ணப்பித்தார், மூன்று முறையும் திரும்பிவந்தது. ஓய்வுக்கு இன்னும் ஒன்றரை வருடம் இருக்கிறது. இப்போது புதிதாக வந்திருக்கும் தனி அலுவலர் கோப்பை முழுவதும் படித்துவிட்டு, அப்போது உடன் வேலை பார்த்தவர் எழுத்தில் கொடுத்தால் மறுபரிசீலனை செய்யலாம் என்றாராம்.

"நீங்க சாக்குல கொண்ணாந்து போடுவீங்க. எது கலவன், எந்த வயலு தேறும்னு பாத்துச் சொன்னது யாரு சார்?"

"நீங்கதான் மேடம்."

"அத எழுதிக் குடுங்க."

அவர்தான். காயின் மூக்கு வளைவு, நடு இடுப்பு, ஓட்டின் மேல் ஓடும் வரி, இதையெல்லாம் செய்தித்தாள் புரட்டுகிற வேகத்தில் பார்த்துத் தள்ளுவார். 'எங்க குப்பத்துல வலையக் கொட்டினா கண்ணாலயே பிரிச்சிடுவோம் சார், இது இன்னா பெரிய வித்தை' என்பார். அவர் ரிப்போர்ட் எழுதுவார். போனவர்தான் கையெழுத்திட வேண்டும் என்பது விதி, அதனால் நான் கையெழுத்திடுவேன். வேலையைப் பகிர்ந்துகொள்கிறோம் என்று நினைத்தேன்.

"எழுதறேன் மேடம். ஆனா நீங்க ஏன் அப்பவே போகலன்னு கேப்பாங்களே?"

இரைச்சல் நின்றது போலிருந்தது. பஸ் போயிருக்கும்.

"கேட்டேனே சார். மூணு தடவ கேட்டேன். 'சாவியக் குடுங்க, என் வாரத்துக்கு நானே போறேன்'னு. நான் மரக்காணம் ரோட்ல வண்டி ஓட்டிக் கத்துக்கினவ. நீங்க இன்னா சொன்னீங்க? 'பிரேக் புடிக்கல மேடம், வண்டி ரிப்பேரு.' மூணு தடவயும் ரிப்பேரு. மறுநா காலைல நீங்க அதே வண்டில ஜல்தியா கெளம்பிப் போவீங்க. மாடி ஜன்னல்லேர்ந்து பாத்துக்கினுதான் இருந்தேன்."

நான் போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"கோப்புல ஒரு குறிப்பு இருக்குது சார். 'செல்வராணி பெண் என்பதால் களப்பணி சிரமம். மனிதாபிமான அடிப்படையில் அவருடைய முறையையும் நானே பார்த்துக்கொள்கிறேன்.' உங்க கையெழுத்துதான். நல்லா முத்து முத்தா இருக்கும். ஒவ்வொரு தடவ நான் மனு போடும்போதும் அந்தக் காகிதத்தத்தான் எடுத்துக் காட்டறாங்க."

5

எழுதியது நான்தான், நினைவிருக்கிறது. செயலாளர் காரணம் கேட்டார், எழுதிக் கொடுத்தேன். 'மனிதாபிமான' என்ற சொல்லை எழுதும்போது கை கொஞ்சம் மிதந்தது கூட நினைவிருக்கிறது.

திங்கட்கிழமை சைக்கிளில் போகும்போது வரிசையாகச் சந்தேகங்கள். ஏன் பொய் சொன்னேன்? வண்டி எனக்குப் பிடித்திருந்ததா? காலையில் விழுப்புரம் தாண்டி, கரும்புத் தோட்டங்களுக்கு நடுவே ஆளில்லாத சாலையில் போகும் அந்த ஒரு மணி நேரம் எனக்கு வேண்டியிருந்தது, உண்மை. வயலில் 'ஆபீசர் வந்துட்டாரு' என்று இளநீர் வெட்டிக் கொடுப்பார்கள், அதுவும் வேண்டியிருந்தது. வெயிலில் பெண் அலையக் கூடாது என்றேனே, நான் போன ஒவ்வொரு வயலிலும் குனிந்து களை கொத்திக்கொண்டிருந்தது பெண்கள்தான். அவர்களைத் தாண்டித்தான் இளநீர் வாங்கப் போனேன். அந்த வெயில் என் கண்ணில் ஒருநாளும் படவில்லை.

பிறகு சந்தேகம் அவர் பக்கம் திரும்பியது. இதை எழுதுவதற்கு வெட்கம்தான். ஒருவேளை என்னைக் கவிழ்க்கப் பார்க்கிறாரோ? மாடி ஜன்னல் உண்மையில் இருந்ததா? இருந்தது. பச்சைக் கம்பி போட்டது.

கமலா அன்று நேரடியாகவே கேட்டாள். "விதை ஆபீசர்னு சர்டிபிகேட் காட்டித்தானே இந்த வேலை வாங்குனீங்க? முடிவெல்லாம் அந்தம்மா எடுத்தாங்கன்னு நீங்களே கைப்பட எழுதிக் குடுத்தா, நாளைக்கு இங்க எவனாவது நோண்டினா இன்னா பண்ணுவீங்க? வீட்டுக் கடன் இருக்குது, பொண்ணு படிக்கணும்."

"இந்த ஊர்ல தமிழ் யாரு படிக்கப் போறாங்க?"

"அப்ப தைரியமா எழுதறது அதுக்குத்தானா?"

அவள் என்னைப் பயமுறுத்துகிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். என்னைப் படித்துக்கொண்டிருந்தாள்.

யூடித்திடம் போய், மேடைக்கு வரவில்லை என்றேன். விட்டுக்கொடுத்தேன் என்று எழுதியது உண்மையில் நான் எடுத்துக்கொண்டது என்று, எனக்குத் தெரிந்த டச்சில் சொன்னேன். அவள் கண்கள் விரிந்தன. "இது இன்னும் நல்ல கதை! இதையே மேடையில் சொல்லேன். எவ்வளவு நேர்மை!"

குற்றத்தை ஒப்புக்கொண்டாலும் கைதட்டுவார்கள் போலிருக்கிறது. இல்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். நான்கு ஆண்கள் பேசினார்கள். நான் ஆய்வுக்கூடத்தில் முளைப்புத் தட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தேன். கைதட்டல் சுவரைத் தாண்டிக் கேட்டது. இந்தக் குறிப்புகளை உங்களுக்கு எழுதுவதும் ஒருவகை மேடைதானோ என்னவோ. சந்தேகப்படுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை.

6

கடிதம் எழுதினேன். இரண்டு பக்கம் வந்தது. தூதரகத்தில் சான்றொப்பம் வாங்க வேண்டும் என்று தனி அலுவலர் கேட்டிருந்ததால், ஒருநாள் விடுப்பு எடுத்து ரயிலில் ஹேக் நகரத்துக்குப் போனேன். ஜன்னலுக்குப் பின்னால் இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார், ஆனால் என் கடிதத்தை எந்த வகையில் சேர்ப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. பிறப்பா, திருமணமா, சொத்தா, ஓய்வூதியமா?

"இந்தப் பெண்மணி உங்களுக்கு என்ன உறவு?"

"உறவு இல்லை. கூட வேலை பார்த்தவர்."

"அப்படியானால் எதற்காக நீங்கள் சத்தியம் செய்கிறீர்கள்?"

கடிதத்தை அவர் பக்கம் தள்ளினேன். கடைசியில் 'பிற' என்ற கட்டத்தில் குறியிட்டார்.

முத்திரை வாங்குவதற்கு முன் ஒருமுறை செல்வராணியிடம் காட்டிவிடலாம் என்று படம் எடுத்து அனுப்பினேன். பத்தே நிமிடத்தில் போன் வந்தது. செல்வராணி என் வரிகளை எனக்கே படித்துக் காட்டினார், பள்ளி ஆண்டு விழாவில் வரவேற்புரை வாசிப்பதுபோல.

"'பெண்கள் வெயிலில் வாடக் கூடாது என்ற நல்லெண்ணத்தில்...' 'ஊராரின் ஏளனத்தையும் பொருட்படுத்தாது...' ஏன் சார், இது எனக்கு லெட்டரா, உங்களுக்குப் பாராட்டு விழாவா? ரெண்டு பக்கத்துல நான் எங்க வர்றேன்னு தேடிக்கினு இருக்கேன். பேஜாரா போச்சு."

"பின்னணி சொல்லணும்ல மேடம்?"

"வேணாம். எடுத்துடுங்க. நல்லெண்ணம்னு ஒரு வார்த்த இருந்தா அந்தப் பழைய குறிப்புதான் மறுபடியும் நிக்கும். நான் பயந்துக்கினு போகலன்னு கோப்புல இருக்குது. அது போவணும். எனக்குப் பயம் இல்ல, வண்டி இல்ல. அத மட்டும் எழுதுங்க."

"ரிப்பேர்னு சொன்னதையுமா?"

"அதத்தான் சார் மொதல்ல எழுதணும்."

ஜன்னல்காரர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். முத்திரை வேண்டாம் என்று சொல்லிவிட்டு அடுத்த ரயிலில் வீடு திரும்பினேன். வழி நெடுக நீர், புல், நீர். ஒரு வாக்கியம் எழுதுவேன், அதில் நான் எங்கேயாவது நல்லவனாக உட்கார்ந்திருப்பேன். அடிப்பேன். அடுத்ததில் வருத்தப்படுகிறவனாக உட்கார்ந்திருப்பேன். அதையும் அடிப்பேன். வீடு வருவதற்குள் ஐந்து வரிதான் மிஞ்சியது.

மகள் மேசையில் கிடந்த தாளை எடுத்து, எழுத்துக் கூட்டி வாசித்தாள். தமிழ் எழுத்து அவளுக்கு இன்னும் தெரியும் என்பதே அன்றுதான் எனக்குத் தெரிந்தது. வாசித்து முடித்துத் தாளை இருந்த இடத்திலேயே வைத்தாள். உதட்டோரச் சிரிப்பு இல்லை, வேறு எதுவும் இல்லை.

7

அடுத்த வாரம் மறுபடியும் விடுப்பு, மறுபடியும் ரயில், மறுபடியும் 'பிற'. அனுப்பிய கடிதம் இதுதான்:

'1993 முதல் 1999 வரை களப் பதிவேட்டில் என் கையெழுத்துள்ள ஆய்வுகளில், கலவன் செடிகளை அடையாளம் கண்டதும் வயல் தேறுமா என்று முடிவு செய்ததும் திருமதி அல்லாத செல்வி செல்வராணி அவர்களே. அவருடைய களமுறை நாட்களில் தாமே செல்வதாகக் கூறி அவர் மூன்று முறை வாகனச் சாவி கேட்டார். பழுது என்று கூறி நான் தரவில்லை. வாகனத்தில் பழுது இல்லை. அவருக்குக் களப்பணி சிரமம் என்று நான் எழுதிய குறிப்பு அவரிடம் கேட்காமல் எழுதப்பட்டது, அது உண்மையன்று.'

'திருமதி அல்லாத' என்பதை அவரே சேர்க்கச் சொன்னார். "இல்லன்னா எவனாவது திருமதின்னு போட்டு, வூட்டுக்காரர் கையெழுத்துக் கேப்பான் சார்."

ஏப்ரல் கடைசியில் போன் வந்தது. பழைய குறிப்பைத் தனி அலுவலர் ரத்து செய்து ஓரத்தில் கையெழுத்திட்டுவிட்டாராம். பதவி உயர்வு கமிட்டிக்குப் போகிறது, அங்கே என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது. அதற்குள் களமுறை கொடுத்துவிட்டார்கள்.

"நாளைக்கு முகையூர் பக்கம் சார். என் சொந்த ஸ்கூட்டி. கண்ணாடி, தொப்பி, தண்ணி பாட்டிலு எல்லாம் வாங்கிட்டேன். அண்ணி திட்டிக்கினு இருக்காங்க, இந்த வயசுல இன்னாத்துக்குன்னு."

"வெயில் அதிகமா இருக்கும் மேடம், பாத்து..." என்று ஆரம்பித்துவிட்டேன்.

அந்தப் பக்கம் வண்டி ஸ்டாண்டை எடுக்கும் சத்தம்.

"வச்சிடட்டா சார்? பெட்ரோல் போடணும்."

"சரிங்க மேடம்" என்றேன். அவர் வைத்துவிட்டார். நான் காதிலிருந்து போனை உடனே எடுக்கவில்லை. எதற்காகக் காத்திருந்தேன் என்று யோசித்தேன். நன்றி என்று ஒரு வார்த்தை வரும் என்று.